தென்காசி விலை

ஜனவரி 6

நகைச் சீட்டில் சேர்ந்ததற்கு இந்த டைரியைக் கொடுத்தார்கள். சில்வர் டப்பா கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். டைரியை வைத்துக்கொண்டு நான் என்ன கலெக்டரா? இருந்தாலும் தாள் வழவழப்பாக இருக்கிறது, வீணாகக் கிடக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

சீட்டு என் மகள் இந்துஜா பெயரில். மாதம் ஐயாயிரம், பதினோரு மாதம் கட்ட வேண்டும். பன்னிரண்டாவது தவணையைக் கடையே போடும். ஒரு மாதம் பத்தாம் தேதியைத் தாண்டினாலும் அந்தப் போனஸ் போச்சு. பணமாகத் திருப்பித் தரமாட்டார்கள், நகையாகத்தான் எடுக்க வேண்டும். முதல் தவணை என் கையிலிருந்து கட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து அவள் சம்பளம்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது என் காதில் கிடந்தது அரைப் பவுன். அதை என் மாமியார் செத்த நாள்வரை சொல்லிக்காட்டினாள். இந்துவை ஒருத்தி அப்படிச் சொல்ல விடமாட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

வாராவாரம் வெள்ளி விலை எடுக்கும் நாள். பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. அதே பதினோரு கடை, அதே பொருள், அதே ரகம். அரிசி, பருப்பு, தக்காளி, டீ, இட்லி, முடிவெட்டும் கூலி வரைக்கும் கேட்டு, படிவத்தில் எழுதி, அரசுப் புள்ளியியல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் இல்லை. ஆனால் என் தாளில் ஒரு தப்பு கிடையாது. நேரில் போய்க் கேட்காமல் ஒரு விலையும் எழுதக் கூடாது என்பது சட்டம். மழையென்றாலும் போவேன், காய்ச்சல் என்றாலும் போவேன்.

முப்பிடாதியின் காய்கறிக் கடையில் காலை வைத்ததுமே, "கெவுர்மெண்டு வந்துட்டு, எல்லாரும் எந்திரிங்கட்டி" என்றாள். போகும்போதெல்லாம் இதே கேலி. தக்காளி கிலோ இருபத்திரண்டு.

ஜனவரி 18

இந்துவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சென்னையில் துரைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனி, போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை. கைக்குப் பதினைந்தாயிரத்து ஐநூறு வரும். விடுதியில் நான்கு பேருக்கு ஓர் அறை, சாப்பாட்டோடு ஏழாயிரத்து ஐநூறாம்.

போகிற வழியில் முப்பிடாதியிடம் சொல்லிக்கொள்ள நிறுத்தினோம். அவள் வெங்காய மூட்டை எடைபோடும் தராசில் இந்துவை ஏற்றிவிட்டாள். ஐம்பத்திரண்டரை. "கிலோ என்ன விலைக்குக் குடுக்கலாம், கெவுர்மெண்டு?" என்று என்னிடம் கேட்டாள். இந்து சிரித்துச் சிரித்துத் தராசிலிருந்து விழப்பார்த்தாள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் அப்பா இறந்த வருடமும் இப்படித்தான் இருந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது, தோசை ஊற்றி என்னைச் சாப்பிட வைத்தது அவள்தான்.

பிப்ரவரி 8

முதல் சம்பளம். ஐயாயிரம் அனுப்பிவிட்டாள். கட்டிவிட்டேன்.

பிப்ரவரி 23

விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, வெளியே சாப்பிட்டால் கையைக் கடிக்கிறது என்று புலம்புகிறாள்.

"ஒரு இட்லி பதினஞ்சு ரூவாம்மா."

"யாரு காதுல பூ சுத்துத? இங்கன ஆறு ரூவா."

"இங்க பதினஞ்சும்மா. தக்காளி அம்பது. குடிக்கத் தண்ணி கேன் நாப்பது."

"தண்ணிக்குக் காசா! கோட்டி பிடிச்சிருக்காட்டி உனக்கு? கல்யாண வீட்டுக்குத்தான் கேன் வாங்குவாவ."

"விடுதிக்காரங்க வர்ற மாசத்துல இருந்து எட்டாயிரத்து ஐநூறு கேக்காங்கம்மா. அடுத்த மாசம் மட்டும் சீட்டுக்கு மூவாயிரம் அனுப்பட்டா?"

அப்படிச் செய்தால் சீட்டே கெட்டுவிடும் என்றேன்.

எனக்கு நன்றாகத் தெரியும். கூட இருக்கும் பெண்கள் மாலைதோறும் சினிமா, ஐஸ்கிரீம் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். பதினைந்து ரூபாய் இட்லியாம்!

மார்ச் 2

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இந்துவுக்கு ஒரு பட்டியல் போட்டேன். விடுதி வேண்டாம், இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து ஓர் அறை எடுத்துச் சமைத்துக்கொள்ளட்டும். என் பழைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு அரிசி, பருப்பு, எண்ணெய், காய், பால், இட்லி, சோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சரியான விலையை எழுதினேன். பட்டணம் என்பதற்காகப் பத்து சதவீதம் கூட்டினேன். நான் கருமி இல்லை. வாடகை அவள் பங்குக்கு இரண்டாயிரம் என்று தாராளமாகவே போட்டேன். இங்கே ஒரு வீடே மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது.

மொத்தம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். சீட்டு ஐயாயிரம் போக அவள் கையில் மூவாயிரத்து அறுநூறு மிஞ்ச வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பினேன். "இதுக்கு மேல ஒரு பைசா ஆகாது" என்று கீழே எழுதினேன்.

மார்ச் 3

பட்டியலைப் பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 5

பெரிய சண்டை. எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

"இந்த விலைக்கு இங்க ஒண்ணும் கிடைக்காதும்மா. நீ ஒரு வாட்டி வந்து பாரேன்" என்றாள்.

"பத்தொம்பது வருசமா விலை எழுதுதேன். நீ எனக்கு விலை சொல்லித் தாரியா?"

"அது தென்காசி விலைம்மா."

"தென்காசி என்ன, சென்னை என்ன? தக்காளி தக்காளிதான. உண்மையைச் சொல்லு. யாருக்குக் குடுக்க காச? எவன் அவன்?"

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது எனக்கே கேட்டது. அவள் அழுதாள். "அப்படியெல்லாம் யாரும் இல்லம்மா. ஒன் பட்டியல்படியே இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். பிள்ளை வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

அறைக்கு மாறிவிட்டாள். நாகப்பட்டினத்துப் பெண் ஜெசிந்தாவும் இன்னொருத்தியும் கூட. வீட்டுக்காரன் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டானாம். பகல் கொள்ளை! இங்கே மூன்று மாதம் கேட்டாலே திட்டுவோம். அட்வான்ஸுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். ஆபீசில் கொடுத்தார்களாம். நல்ல கம்பெனி.

மே 17

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு இந்து இரண்டு நாள் வந்திருக்கிறாள். காதில் கவரிங் தோடு. அவள் அப்பா வாங்கிப் போட்ட தங்கத்தோடு எங்கே என்றதற்கு, ஷேர் ஆட்டோவில் போகும்போது பயமாக இருக்கிறது, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்றாள். பொறுப்பு வந்துவிட்டது.

காலையில் பதினோரு இட்லி சாப்பிட்டாள். "சென்னைல உலையே வைக்கலயாட்டி?" என்று கேட்டேன். தட்டைப் பார்த்தபடி, "ஒன் இட்லி மாதிரி வருமா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மெலிந்திருக்கிறாள். இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் இப்படித்தான், குச்சி மாதிரி இருந்தால்தான் அழகாம். முப்பிடாதி பார்த்ததும் தராசைக் காட்டி, "ஏறு மக்கா" என்று கூப்பிட்டாள். "வேண்டாம்க்கா, நேரமாச்சு" என்று நிற்காமல் நடந்துவிட்டாள். அப்போது அப்படி ஒன்றும் நேரமாகவில்லை.

ஜூன் 8

இன்று பேசும்போது தக்காளி விலை கேட்டேன். "இருபத்திநாலும்மா" என்றாள். இங்கேயும் இருபத்திநாலு! இட்லி? "ஏழு ரூவா." என் பட்டியலில் போட்டதற்கு நாற்பது காசுதான் வித்தியாசம். தேடிப் பார்த்து வாங்கினால் எங்கும் கிடைக்கும் என்று நான் சொன்னது சரியாகப் போயிற்று. பிப்ரவரியில் என்ன ஆட்டம் ஆடினாள்! மனது நிறைந்து, அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

மேற்பார்வையாளர் தங்கபாண்டியன் சார் நெற்றியைச் சுருக்கினார். "அப்படியா உலகம்மா? சென்னைத் தாளெல்லாம் பாத்தேன். காய், ஓட்டல், வாடகை எல்லாம் நம்மளவிட ரெண்டு பங்கு, மூணு பங்கு இருக்கே."

"அங்க உள்ளவங்க உக்காந்த இடத்துல எழுதியிருப்பாங்க சார். நேருல போயிருக்க மாட்டாங்க" என்றேன்.

ஜூலை 13

இந்துவுக்கு இருமல். ஆபீஸ் ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம். சுக்கு, மிளகு, திப்பிலி கசாயம் போடச் சொன்னேன். மிளகு அங்கே என்ன விலை என்று கேட்டேன். "நீயே சொல்லும்மா, அதே விலைதான்" என்று சிரித்தாள். சிரிப்பு நடுவில் இருமல் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 10

இன்று பத்தாம் தேதி. மதியம் வரை பணம் வரவில்லை. மூன்று தடவை போன் செய்தேன். "ஏழு மாசம் கட்டுன சீட்டைக் கெடுத்துராத, நாசமாப் போயிரும்" என்று கத்தினேன். மாலை ஐந்து மணிக்குள் மூன்று துண்டாக வந்தது. இரண்டாயிரம், ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்து இருநூறு. கடைசி ஆயிரத்து இருநூறு ஜெசிந்தா நம்பரிலிருந்து. ஏன் இப்படி என்றால் நெட்வொர்க் கோளாறு என்கிறாள். ஓடிப்போய்க் கடை சாத்துவதற்குள் கட்டினேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் தப்பித்தோம்.

செப்டம்பர் 14

வீடியோவில் முகம் காட்டு என்றால் கேமரா ரிப்பேராம். அடுத்து புதுப் போன் கேட்பாள், பார்த்துக்கொண்டே இரு.

அக்டோபர் 5

இருமல் போகவில்லை. டாக்டரிடம் போ என்றேன். "கன்சல்டிங்கே நானூறு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "போயிட்டு வந்துட்டேன்மா, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றாள். நல்லவேளை.

அக்டோபர் 26

தீபாவளிக்கு அவள் வரவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை. இரண்டு கிலோ முறுக்கு சுட்டுப் பார்சல் அனுப்பியிருந்தேன். இன்று பேசினாள்.

"முறுக்கு நல்லா இருந்ததும்மா. நாலு நாள் வச்சு சாப்பிட்டோம்."

"ரெண்டு கிலோவ நாலு நாள்லயா? வயிறு என்னத்துக்காவும்!"

"சமைக்கவே இல்லம்மா, அதான்."

சோம்பேறிக் கழுதைகள். முறுக்கைத் தின்றுவிட்டு அடுப்பு பற்றவைக்காமல் கிடந்திருக்கிறார்கள்.

நவம்பர் 8

பதினொன்றாவது தவணை கட்டியாகிவிட்டது! ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அட்டையில் பதினோரு முத்திரையும் வரிசையாக நிற்பதைப் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. டிசம்பரில் போய் எடுக்க வேண்டியதுதான். இந்துவிடம் சொன்னேன். "முடிஞ்சுதாம்மா?" என்றாள். இரண்டு தடவை அதையே கேட்டாள். "இனிமே கட்ட வேண்டாம்லா?" என்றாள்.

அடுத்த சீட்டு ஜனவரியில் போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை.

நவம்பர் 17

ஜெசிந்தா கூப்பிட்டாள். ஆபீஸ் படிக்கட்டில் இந்து விழுந்துவிட்டாளாம். இருமும்போது ரத்தம் வந்ததாம். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பஸ் பிடிக்கப் போகிறேன்.

நவம்பர் 18

வார்டுக்குள் போய் என் பிள்ளையைத் தாண்டிக்கொண்டு நடந்துவிட்டேன். "அம்மா" என்று பின்னாலிருந்து அவள்தான் கூப்பிட்டாள். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் இதுதான் நடந்தது, என் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

காசநோய். இரண்டு நுரையீரலிலும் இருக்கிறது. முப்பத்து மூன்று கிலோ. டாக்டர் சின்னப் பெண், இந்து வயதைவிட நாலைந்து கூட இருக்கும்.

"மருந்துக்கு இங்க காசு கிடையாதும்மா, எல்லாம் ஃப்ரீ. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லாப் போயிருக்கும். இப்போ மருந்தைத் தாங்கறதுக்கு இவங்க உடம்புல ஒண்ணுமே இல்லையே. என்ன சாப்பிட்டுட்டு இருந்தாங்க?"

பட்டியல் என் போனில் இருந்தது. அதைக் காட்டவா முடியும்? "வீட்டுச் சாப்பாடுதாம்மா" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

வெள்ளிக்கிழமை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகத் தென்காசியில் இல்லாத வெள்ளி. இந்து தூங்கினாள். ஜெசிந்தா பக்கத்தில் இருந்தாள். நான் பஸ் ஏறி அவர்கள் அறை இருக்கும் தெருவுக்குப் போனேன். மாற்றுத்துணி எடுக்கத்தான் போனேன். பையில் ஒரு வெற்றுப் படிவம் கிடந்தது. கை தானாக எடுத்தது.

தெருமுனையில் இட்லி விற்கும் அம்மா. இட்லி ஒன்று பதினைந்து ரூபாய். எழுதினேன். இந்துஜாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

"இந்துவா? கண்ணாடி போட்டுக்கினு ஒல்லியா? தெரியாம என்னாம்மா. காலைல ரெண்டு இட்லி, அவ்ளோதான். சாம்பார் நெறைய ஊத்துக்கா, குடிச்சுக்கறேன்னும். நானும் ஊத்துவேன். கொஞ்ச நாளா ஒரு இட்லிதான் வாங்கிச்சு. நாலு நாளா ஆளையே காணோமே, ஊருக்குப் பூட்ச்சா?"

பக்கத்தில் தள்ளுவண்டிக் காய்கறி. தக்காளி ஐம்பத்தைந்து. அந்த மனிதர் என் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்கதான் அந்தப் பொண்ணோட அம்மாவா? டெய்லி வந்து எல்லாத்துக்கும் வெல கேக்கும், வாங்காது. எங்க ஊர்ல தக்காளி இருபத்திநாலுண்ணான்னு என்னைக் கலாய்க்கும். எங்கம்மா கெவுர்மெண்டுக்கு வெல எழுதறாங்க, ஒரு தப்பு வராதுன்னு ஒரே பெருமை. சாய்ங்காலம் நசுங்குனது நாலு கெடந்தா எடுத்துக்கோம்மான்னு குடுப்பேன்."

அவர் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

தண்ணீர் கேன் நாற்பது. டீ பதினைந்து. அறை வாடகை பதினைந்தாயிரம், அவள் பங்கு ஐயாயிரம். கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் தனியாக வாங்குகிறார். கம்பெனி வண்டி ஜூலையில் நின்றுவிட்டதாம். மெயின் ரோட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ இருபது. பெண்களுக்கு இலவசமான பஸ்ஸுக்காக இவள் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பி நின்றிருக்கிறாள். அட்வான்ஸுக்கு ஆபீசில் யாரும் கொடுக்கவில்லை. தோட்டை விற்றிருக்கிறாள். அம்மா உணவகம் போயிருக்கலாமே என்று கேட்டேன். அது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வேலைக்கு நேரமாகிவிடும் என்று கீழ்வீட்டுப் பெண் சொன்னாள்.

அறையில் சுவரில் என் பட்டியல் ஒட்டியிருந்தது. கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறாள். என்னிடம் போனில் விலை சொல்வதற்கு அதைப் பார்த்துத்தான் படித்திருக்கிறாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து கூட்டினேன். அதே பொருள், அதே ரகம், அதே அளவு. என் பட்டியலின்படி நான் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் போட்ட அதே வாழ்க்கைக்கு அந்தத் தெருவில் பதினான்காயிரத்து இருநூறு ஆகிறது. சீட்டு போக அவள் கையில் இருந்தது பத்தாயிரத்து ஐநூறு. மாதம் மூவாயிரத்து எழுநூறு குறைகிறது. அந்த மூவாயிரத்து எழுநூறையும் என் பிள்ளை தன் உடம்பிலிருந்து எடுத்திருக்கிறாள்.

நேரில் போய்க் கேட்காமல் ஒரு விலையும் எழுதக் கூடாது. ஊர்பேர் தெரியாதவர்களுக்காக மழையிலும் காய்ச்சலிலும் போய்க் கேட்டேனே, பாவி. பெற்ற பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்தில் எழுதினேன்.

நவம்பர் 22

"எல்லாத்தையும் பாத்துட்டேன்ட்டி" என்று சொன்னேன்.

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்மா நெனச்சேன்" என்றாள். பிறகு, "ஒன் பட்டியல்ல எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. ஊருதான் வேற" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள்! நாலு வசவு வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 24

எதைக் கொடுத்தாலும் வாங்குவதற்கு முன்னால் "எவ்வளவும்மா?" என்று கேட்கிறாள். ஆப்பிள் நாற்பது ரூபாய் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் பேப்பரில் சுற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நாளைக்காம்.

நவம்பர் 26

ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் எழுபது ரூபாய். வாங்கி டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

"எவ்வளவும்மா?"

"இருபத்தஞ்சு."

என்னையே பார்த்தாள். கண் மட்டும்தான் அந்த முகத்தில் பழைய இந்து.

"நம்ம ஊரு விலைதான்" என்றாள். "அப்போ முழுசும் குடிக்கேன்."

முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன முதல் பொய் விலை இது. நம்பினாளா, எனக்காக நம்பியது போல இருந்தாளா, தெரியவில்லை. ஜூன் மாதத்திலிருந்து அவள் எனக்குச் செய்துகொண்டிருந்ததும் இதுதானே.

நாளைக்கும் வாங்கித் தருவேன். தினமும் இருபத்தைந்துதான்.

நவம்பர் 29

மூச்சுத் திணறல். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். இளநீர் வேண்டாம் என்றாள்.

டிசம்பர் 2

இந்து காலை ஆறே காலுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

பத்து நாள் கழித்து இன்று வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சுவரெல்லாம் பேசுகிறது. முப்பிடாதி கேலி பேசவில்லை, எழுந்து நின்றாள். தக்காளி என்ன விலை என்று கேட்டேன். சொன்னாள். காதில் விழுந்தது, கை எழுதவில்லை. அவளே படிவத்தை வாங்கி எழுதிக் கொடுத்தாள். தராசைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

டிசம்பர் 19

நகைக்கடையிலிருந்து மூன்று தடவை போன். சீட்டு முடிந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பணமாகத் தரச் சொன்னேன். விதி அப்படி இல்லையாம். விதி எனக்குத் தெரியாதா? அந்த விதியைச் சொல்லித்தானே அவளை மிரட்டினேன்.

இன்று போனேன். ஏசி, ரோஜாப்பூ வாசனை, கையில் ஒரு கூல் டிரிங்ஸ். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"வாங்கம்மா. பதினொண்ணும் தேதி தவறாமக் கட்டியிருக்கீங்க, போனஸ் முழுசா உண்டு. யாருக்கும்மா எடுக்கீங்க?"

"மகளுக்கு."

"வளையல் பாப்போமா? கை அளவு என்னம்மா?"

"ரெண்டு ஆறு" என்றேன். அது போன ஜனவரி அளவு. ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை முழங்கை வரை ஏறி இறங்கியது. அந்த அளவுக்கு இவரிடம் வளையல் இருக்காது.

அவர் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எனக்கு அவருடைய தலைக்கு மேல் இருந்த விலைப் பலகைதான் கண்ணில் பட்டது. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"சென்னையில என்ன விலை அண்ணாச்சி?"

"தங்கத்துக்கு ஏதும்மா ஊரு வித்தியாசம்?" என்று சிரித்தார். "இங்கன என்ன ரேட்டோ அதேதான் அங்கனயும். ஒரு ரூவா கூடக் குறைய இருக்காது."

ஒரு வளையல் எடுத்தேன். சிவப்பு டப்பாவில் போட்டு, புது வருஷ டைரி ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார். டைரியை வேண்டாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அரிசிக்கு ஊர் வித்தியாசம் உண்டு, தண்ணீருக்கு உண்டு, ஒரு இட்லிக்கு உண்டு. இது ஒன்றுக்குத்தான் இல்லை. இதற்காகத்தான் அவளைப் பட்டினி போட்டேன்.